எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் காது எங்கே இருக்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் மீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஈனமாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காது. சாதாரண மரக் கிட்டாரின் வயிறு காலியாக இருக்கும். தந்தி அதிர்ந்தால் மெல்லிய மேல்பலகையும் சேர்ந்து அதிரும். பலகை அகலமானது என்பதால் நிறையக் காற்றைத் தள்ளும். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலோ நாலரை சென்டிமீட்டர் கனமுள்ள கெட்டிப் பலகை. ஒல்லியான ஒரு தந்தியால் அதை அசைத்துக் காற்றைத் தள்ள முடியாது.

பிறகு எப்படி மேடையில் அந்தக் கிட்டார் கூரை அதிரப் பாடுகிறது?

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டார் 'கிட்' என்று ஒரு பெட்டி கிடைக்கிறது. திறந்தால் வெள்ளை மரத்தில் வெட்டிய உடல், தனியாக ஒரு கழுத்து, ஆறு முறுக்காணிகள், தந்திகள் உட்காரும் உலோக பிரிட்ஜ், பிக்கப் என்ற இரண்டு சின்னப் பெட்டிகள், கொஞ்சம் ஒயர், ஒரு கை திருகுகள். மரத்துக்குப் பாலிஷ் கிடையாது, எதுவும் மாட்டியிருக்காது. எல்லாம் நம் வேலை. பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

இப்படிப் பெட்டியில் போட்டு விற்க முடிகிறதே, அதற்கு ஒரு ரேடியோ மெக்கானிக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்டன் என்ற ஊர். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவது எப்படி என்று நன்றாகத் தெரியும். அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவதுதான் வழக்கம். ஃபெண்டர் நான்கே திருகுகளில் கழுத்தை உடலோடு முடுக்கினார். 1950-ல் வெளிவந்து, 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டாரின் வடிவத்தில்தான் இன்றைக்கும் ஏராளமான கிட்கள் வருகின்றன. நாமும் அதையே எடுத்துக்கொள்வோம்.

பெட்டியைத் திறந்ததும் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு பிக்கப்பைக் கையில் எடுங்கள். கிட்டாரின் காது இதுதான். உள்ளே காந்தம். அதைச் சுற்றித் தலைமுடி அளவே கனமுள்ள செம்புக் கம்பி, ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. கம்பியின் நீளம் என்ன இருக்கும்? சுருளைப் பிரிக்காமலே கணக்குப் போடலாம். மின்தடையை அளக்கும் மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பிக்கப்பின் இரண்டு ஒயர்களில் வையுங்கள். 6,000 ஓம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகச் சுற்றும் 42-ஆம் எண் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 ஓம் மின்தடை உண்டு. வகுத்துப் பாருங்கள்: 1,100 மீட்டருக்கு மேல் வரும். விரல் நீளப் பெட்டிக்குள் ஒரு கிலோமீட்டர் கம்பி!

இந்தக் காது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே ஒன்றைக் கண்டுபிடித்தார்: கம்பிச்சுருளுக்குள் பாயும் காந்தப்புலம் மாறினால், மாறுகிற அந்த நேரத்தில் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். கிட்டாரில் காந்தமும் அசைவதில்லை, சுருளும் அசைவதில்லை. மேலே இருக்கும் தந்திதான் அசைகிறது. தந்தி எஃகு. காந்தத்தின் அருகிலேயே இருப்பதால் அதுவும் கொஞ்சம் காந்தமாகிவிடும். அது மேலும் கீழும் ஆடும்போது சுருளுக்குள் இருக்கும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. தடித்த ஆறாவது தந்தி நொடிக்கு 82 முறை அதிர்ந்தால், சுருளில் பிறக்கும் மின்சாரமும் நொடிக்கு 82 முறை முன்னும் பின்னும் ஓடும். அளவு மிகச் சிறியது, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. காற்றைத் தள்ளும் வேலையைச் செய்வது அந்த ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு.

நைலான் தந்தி போட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எவ்வளவு பலமாக மீட்டினாலும் பிக்கப்புக்குக் கேட்காது, நைலானைக் காந்தம் ஈர்ப்பதில்லையே!

தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் இந்த யோசனையை முதலில் கிட்டாரில் பொருத்தி வெற்றி கண்டவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் போஷாம். 1930-களின் தொடக்கத்தில் அவரும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் அலுமினியத்தில் வார்த்த ஒரு கிட்டாரைக் கொண்டுவந்தார்கள். வட்ட உடலும் நீளக் கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் விழுந்தது. காப்புரிமை 1937-ல்தான் கிடைத்தது. மரமே இல்லாத அந்தக் கிட்டார் நன்றாகப் பாடியது என்பதை மனத்தில் வையுங்கள்.

அப்படியானால் நம் கிட்டில் இருக்கும் மரத்துக்கு என்ன வேலை? ஆடாமல் அசையாமல் தந்தியைப் பிடித்துக்கொள்வது. இது சின்ன வேலை இல்லை. சுருதி சேர்த்த ஆறு தந்திகளும் சேர்ந்து, சுமார் 45 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவுக்குக் கழுத்தை இழுக்கின்றன. இரவும் பகலும், வாசிக்காதபோதும்! மரம் மட்டும் என்றால் நாளடைவில் வில்லாக வளைந்துவிடும். அதனால் கழுத்துக்குள் நீளவாக்கில் ஓர் எஃகுத் தண்டு புதைந்திருக்கும். கழுத்தின் முனையில் ஒரு சின்னத் துளை தெரிகிறதா? அதில் சாவியை விட்டுத் திருகி வளைவைச் சரிசெய்யலாம்.

கழுத்தின் மேல் உலோகக் கோடுகள் பதித்திருக்கும், ஃப்ரெட் என்பார்கள். தஞ்சாவூர் வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஸ்தாயிக்கு 12. கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்கு 12 தான். வீணையில் காதால் கேட்டுக் கேட்டு மெட்டை நகர்த்தி, மெழுகில் நிறுத்துவார்கள். கிட்டாரில் தொழிற்சாலையே கணக்குப் போட்டு மரத்தில் அடித்துவிடுகிறது. அந்தக் கணக்கு மிக அழகானது.

டெலிகாஸ்டர் வகையில் அதிரும் தந்தியின் நீளம் 648 மி.மீ. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும், அதாவது மேல் ஸ்தாயி. கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சமமான படிகளில் ஏற வேண்டும். எந்த எண்ணால் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும்? 1.05946. இதிலிருந்து ஒரு சூத்திரம் கிடைக்கிறது: மீதமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம். 648-ஐ வகுத்தால் 36.37 மி.மீ., அங்கே முதல் ஃப்ரெட். மீதம் 611.63-ஐ வகுத்தால் 34.33, அங்கிருந்து இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாக 324 மி.மீட்டரில், நட்ட நடுவில் வந்து நிற்கும். கால்குலேட்டரும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு நீங்களே சரிபாருங்கள்.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்த வின்சென்ஸோ கலிலேய் என்பவர் 17.817-க்குப் பதிலாக 18-ஐ வைத்துக்கொள்ளலாம் என்றார். மனக்கணக்காகவே போட்டுவிடலாமே! ஆனால் அந்த வழியில் நம் பன்னிரண்டாவது ஃப்ரெட் இரண்டு மி.மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். இவர் வேறு யாரும் இல்லை, தொலைநோக்கியால் வியாழனின் நிலவுகளைக் கண்ட கலிலியோவின் அப்பாதான்.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்றால், ஃப்ரெட்டைத் தொழிற்சாலை அடித்துவிட்டாலும் பிரிட்ஜைச் சரியான இடத்தில் வைப்பது நம் பொறுப்பு. கழுத்தின் மேல்முனையில் தந்தி பதியும் நட் என்ற துண்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜுக்கும் அவ்வளவு. நட்டிலிருந்து 324 மி.மீ. என்றால் பிரிட்ஜுக்கும் 324. பாலிஷ் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, அளந்து, துளை போட வேண்டிய இடங்களைக் குறித்துவிட வேண்டும். பளபளவென்று பாலிஷ் போட்ட பிறகு துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் அழுகைதான் வரும். திருகை நேரடியாக மரத்தில் முடுக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். திருகைவிட மெல்லிய துளை ஒன்று போட்டு, திருகின் மரையில் கொஞ்சம் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முடுக்குங்கள்.

அளந்து முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இனி மர வேலை. பலர் அவசரப்படுவது இங்கேதான். ஒரு கிட்டாரை அழகாக்குவதும் அலங்கோலமாக்குவதும் இந்தக் கட்டம்தான் என்பது என் கருத்து.

முதலில் உப்புத்தாள். அதன் பின்புறத்தில் 120, 240, 320 என்று ஓர் எண் இருக்கும். எண் ஏற ஏறப் பொடி நைசாகும். 120-ல் ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 0.125 மி.மீ., 320-ல் 0.046 மி.மீ. முதல் தாள் போட்ட பள்ளங்களை அடுத்த தாள் சிறிதாக்கும், அதை அடுத்தது இன்னும் சிறிதாக்கும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் பெரிய கீறல்கள் அப்படியே தங்கிவிடும். மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் நார்கள் அறுந்து கோடு கோடாகத் தெரியும். மூக்கில் முகக்கவசம் கட்டாயம்.

தேய்த்து முடிந்தது, கை வழுக்குகிறது என்று நினைப்பீர்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டுத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களின் கட்டு. உப்புத்தாள் அமுக்கி வைத்த அறுந்த நுனிகள் தண்ணீரைக் குடித்து உப்பி எழுந்து நிற்கின்றன. இப்போது 320 தாளால் லேசாக ஒரு தேய். அதற்குப் பிறகு சாயமோ பாலிஷோ போட்டால் அவை எழாது.

என் அக்கா மகள் தன் கிட்டாருக்கு நீலச் சாயம் பூசியபோது பக்கத்தில் இருந்தேன். பழைய பனியன் துணியில் தோய்த்து இழுத்தாள், மரம் ஆவலோடு நீலத்தைக் குடித்தது. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வெளிறியே நின்றது. மறுபடி தடவினாள், அப்போதும் ஒட்டவில்லை. உற்றுப் பார்த்தால், உடலின் இரண்டு பலகைகளை ஒட்டிய இடத்தில் வழிந்த பசை! பசை நுண்குழாய்களின் வாயை அடைத்துவிட்டதால் சாயம் உள்ளே போக வழியில்லை. அந்த இடத்தைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் நிறம் பிடித்தது. சாயத்துக்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கும்போது இப்படிப்பட்ட இடங்கள் வெளிறித் தெரியும், அப்போதே பிடித்துவிடலாம்.

சாயம் காய்ந்ததும் மேற்பூச்சு. கையில் வேர்வை இருக்கிறதே, அது மரத்துக்குள் இறங்காமல் தடுக்க இது வேண்டும். இரண்டு விதமான பூச்சுகள் உண்டு. இரண்டும் 'காய்கின்றன' என்றுதான் சொல்கிறோம், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு.

தச்சர்கள் போடும் அரக்கு பாலிஷும் என்.சி. லாக்கரும் ஒரு வகை. அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் ஆவியாகிப் போய்விடும், அரக்கு படலமாகத் தங்கும். மேலே இன்னொரு பூச்சு பூசினால் புது ஸ்பிரிட் பழைய படலத்தையும் கொஞ்சம் கரைத்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். லாக்கரும் அப்படித்தான், அதில் ஸ்பிரிட்டுக்குப் பதில் தின்னர். தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரம் வந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தேய்த்துப் பளபளப்பாக்கினால், படலம் பின்னால் சுருங்கி மர ரேகைப் பள்ளங்கள் மேலே தெரியும்.

ஆளிவிதை எண்ணெய் இன்னொரு வகை. இதில் எதுவும் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கெட்டியான வலையாகின்றன. அதனால்தான் மெல்லியதாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். தடிமனாகத் தடவினால் மேல்பகுதிக்கு மட்டும் ஆக்சிஜன் கிடைக்கும், அடியில் பிசுபிசுப்பு போகாது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி தானாகத் தீப்பிடிக்கலாம். இது கதை இல்லை, இப்படி வீடுகளே எரிந்திருக்கின்றன. துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். லாக்கர் அடிப்பது பெரியவர்களின் வேலை. அதுவும் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாமல்.

கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமா? முழுக்க இறுகிய லாக்கரைத் தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 எண் தாள்களில் தேய்ப்பார்கள். 2000 தாளின் துகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அப்படித் தேய்த்தும் மங்கலாகத்தான் இருக்கும். ஏனென்றால் நாம் காணும் ஒளியின் அலைநீளம் அதைவிடச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் நான்கிலிருந்து ஏழு பங்கு. கீறல்கள் அந்த அளவுக்கும் கீழே இறங்கினால்தான் ஒளி சிதறாமல் திரும்பி, உங்கள் முகம் அதில் தெரியும். அந்தக் கடைசி வேலையைச் செய்வது ரப்பிங் காம்பவுண்ட் என்ற பசை. பளபளப்பு என்பது புதிதாக ஏதோ பூசுவதால் வருவதில்லை, கீறலைச் சிறிதாக்குவதால் வருகிறது.

கழுத்து நுழையும் பள்ளத்தில் மட்டும் பூச்சு படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். படலத்தின் கனம் சேர்ந்தால் கழுத்து உள்ளே இறங்காது. விரல் படும் பலகை கருஞ்சிவப்பாக இருந்தால் அது தோதகத்தியாக இருக்கலாம். ஈட்டி மரம் என்றும் சொல்வோம், நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. உலகெங்கும் கிட்டார்களில் இந்த மரம் இருக்கிறது. அதற்கு லாக்கர் வேண்டாம், துளி எண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

அடுத்தது ஒயர் வேலை. பிக்கப்பிலிருந்து சுவிட்ச், அங்கிருந்து ஒலியைக் கூட்டும் குமிழ், கடைசியில் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைச் செருகும் ஜாக். ஈயம் பற்றவைக்கும்போது பழகுபவர்கள் செய்வது, ஈயத்தை உருக்கி ஒயர் மேல் சொட்டவிடுவது. அது ஒட்டாது. ஒயரையும் தகட்டையும் முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓட வேண்டும். ஆறியதும் பளிச்சென்று இருந்தால் நல்ல இணைப்பு, உருண்டையாகத் திரண்டு நின்றால் மறுபடி செய்யுங்கள்.

பிக்கப் நல்ல காதுதான், ஆனால் வேண்டாததையும் கேட்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுவதால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மின்புலமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அது 'ம்ம்ம்' என்று இரைச்சலாகக் கேட்கும். மின்புலத்தைத் தடுக்க உடலின் குழிகளுக்குள் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த் ஒயரோடு சேர்ப்பார்கள். இதுவும் ஃபாரடே காட்டிய வழிதான். காந்தப்புலத்துக்கு 1955-ல் சேத் லவர் என்ற பொறியாளர் வேறு வழி கண்டார்: இரண்டு சுருள்கள், எதிரெதிர் திசையில் சுற்று, எதிரெதிர் காந்தமுனை. இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும்.

தந்தி மாட்டும் முன்பே ஒயரிங் சரியா என்று பார்த்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த சத்தத்தில் வைத்து, திருப்புளியின் நுனியால் பிக்கப்பை மெல்லத் தட்டுங்கள். 'டொக்' என்று ஒலிபெருக்கி பேசும். என் அக்கா மகள் முதல்முறை இதைக் கேட்டபோது வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

கடைசியாகத் தந்தி. சுருதி சேர்த்தபின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால், நட்ட நடுவாக இருந்தும் சுருதி ஒரு துளி கூடி ஒலிக்கலாம். காரணம், அழுத்தும்போது தந்தி கொஞ்சம் நீண்டு விறைப்பு கூடுகிறது. அதனால்தான் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் தனித் திருகு வைத்திருக்கிறார்கள். சுருதி கூடினால் அதைத் திருகித் தந்தியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், சரியாகிவிடும்.

கிட்கூட இல்லாமல் கிட்டார் செய்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1963-ல் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையன், மின்னணுப் பொறியாளரான தன் அப்பாவோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல் இருந்த மரச்சட்டம். அதில் புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். தந்தியைத் தளர்த்தும் கருவிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். 'குயின்' இசைக்குழுவில் உலகம் முழுக்க ஒலித்தது அந்தக் கிட்டார்தான். பிரையன் மே 2007-ல் விண்வெளித் தூசி பற்றிய ஆய்வுக்காக வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

கிட் வாங்க இப்போது வசதி இல்லாதவர்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் ஆசிரியரிடம் கேட்டு ஒன்று செய்யுங்கள். கம்பிச்சுருளைக் கால்வனோமீட்டரில் இணைத்து, சுருளுக்குள் ஒரு காந்தத்தை அசையாமல் வைத்துவிடுங்கள். பெரிய இரும்புத் துண்டு ஒன்றைச் சட்டென்று அருகே கொண்டுபோய், சட்டென்று எடுங்கள். முள் லேசாக இப்படியும் அப்படியும் ஆடும். சுற்றுகள் கூடுதலாக இருந்தால் நன்றாகவே ஆடும். அடுத்து அதே அளவு மரத்துண்டை வைத்துச் செய்து பார்த்து, என்ன நடந்தது, ஏன் என்று நோட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.